தங்கமும் காந்தமும்: யாழ்ப்பாண மேசைக்கு எந்த வழி?

கரவெட்டியிலிருந்து நாள்தோறும் பஸ் ஏறி யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக்கு வரும் மாணவி ஒருவர், காந்தம் ஒளியில் ஏற்படுத்தும் சிறு மாற்றத்தை நனோத் தங்கத்தால் பெருக்குவது பற்றிய நான்கு ஆய்வுக் கட்டுரைகளை அச்செடுத்து வந்து என் மேசையில் பரப்பினார். ஒவ்வொன்றிலும் ஓரிடத்தில் மஞ்சள் மை பூசியிருந்தது. ஒன்றில் ஆயிரம் மடங்கு. இன்னொன்றில் 8.9 மடங்கு.

"சேர், இவை ஆயிரம் மடங்கு எண்டு போட்டிருக்கினம். எங்களுக்குப் பத்து மடங்கு வந்தாலே காணும்தானே? எதைச் செய்வம்?"

"எதின்ரை ஆயிரம் மடங்கு எண்டு முதல் பாப்பம், பிள்ளை," என்றேன். அந்தப் பேச்சு மூன்று பின்னேரங்கள் நீண்டது. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ, சின்ன ஆய்வுகூடத்தில் இருந்துகொண்டு இதே கேள்வியைக் கேட்கும் வேறு பிள்ளைகளுக்கும் பயன்படும் என்பதால் அதை எழுதி வைக்கிறேன்.

முதலில் விடயம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். 1845 இல் மைக்கேல் பரடே, ஈயம் கலந்த கனமான கண்ணாடித் துண்டொன்றைக் காந்தப்புலத்தில் வைத்து, புலத்தின் திசையில் அதனூடாக, ஒரே தளத்தில் அதிரும்படி முனைவாக்கிய ஒளியைச் செலுத்தினார். வெளியே வந்த ஒளியின் முனைவுத் தளம் சற்றுச் சுழன்றிருந்தது. ஒளிக்கும் காந்தத்துக்கும் உறவுண்டு என்று பரிசோதனையில் கண்ட முதல் சான்று அது. 1877 இல் ஜோன் கெர், காந்த முனையில் பட்டுத் தெறிக்கும் ஒளியிலும் இதற்கு இணையான மாற்றத்தைக் கண்டார். அதே பரடே 1857 இல் வேறொரு வேலையும் செய்தார். தங்கத்தை மிக நுண்ணிய துகள்களாகத் தண்ணீரில் மிதக்கவிட்டு, அந்தத் திரவம் மாணிக்கச் சிவப்பாக இருப்பது துகள்களின் சிறுமையால்தான் என்று எடுத்துக்காட்டினார். ஒரே மனிதரின் இரு கண்டுபிடிப்புகள் ஒன்றையொன்று அறியாமல் நெடுங்காலம் தனித்தனியே கிடந்தன. அவற்றை ஒரே குடுவைக்குள் சேர்ப்பதுதான் இந்தத் துறை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பூரிப்பு வரும்.

காந்தத்தால் வரும் சுழற்சி மிகச் சிறியது. தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். சோடியம் விளக்கின் மஞ்சள் நிறத்தில் அதன் வெர்டே மாறிலி, அதாவது ஒரு பொருள் எவ்வளவு சுழற்றும் என்று சொல்லும் எண், ஒரு தெசுலாவுக்கு ஒரு மீற்றருக்கு ஏறக்குறைய 3.8 ஆரையன். 10 மில்லித்தெசுலாப் புலத்தில் ஒரு சென்ரிமீற்றர் தண்ணீர் தரும் சுழற்சி 0.02 பாகை அளவில்தான் நிற்கும். இரும்பு கலந்த பொருட்கள் பன்மடங்கு கூடுதலாகச் சுழற்றும். ஆனால் அவற்றை நனோமீற்றர் தடிப்பில் மெலிதாக்கினால் ஒளி கடந்துபோக எடுக்கும் பாதை இல்லாமற் போய்விடுகிறது.

இங்கேதான் தங்கம் உதவுகிறது. தங்கத் துகளின் இலத்திரன்கள் ஒளியின் குறித்த ஓர் அலைநீளத்தில் ஒன்றாகச் சேர்ந்து ஆடும். பிளாஸ்மன் பரிவு என்பது இதுதான். சித்திரை வருடத்துக்கு மரத்தில் கட்டும் ஊஞ்சலை நினைத்துக்கொள்ளலாம். சரியான தருணத்தில் தள்ளினால் சிறு கையசைப்பே பெரிய வீச்சாக வளரும். பரிவில் ஆடும் இலத்திரன்கள் ஒளியின் மின்புலத்தைத் தம்மைச் சுற்றிச் சில பத்து நனோமீற்றருக்குள் செறிய வைக்கின்றன. அந்தச் செறிவுக்குள் காந்தப் பொருள் இருந்தால், ஒளி அதனோடு நெடுநேரம் தங்கிப் போனதுபோல ஆகும். ஊஞ்சலைத் தள்ளும் கை இடப்பக்கம் ஓர் இம்மி கூடுதலாகத் தள்ளுவதாக வைத்தால், ஆட்டம் வளர வளர அந்த இம்மியும் வளரும். அந்த இம்மிதான் காந்தம்.

ஊஞ்சலுக்கு உராய்வும் உண்டு. பரிவில் தங்கம் ஒளியை விழுங்குகிறது. கட்டுரைகளின் தலைப்பில் மடங்கு மட்டும் இருக்கும். எவ்வளவு ஒளி மிஞ்சியது என்பது உள்ளே ஒரு வரியில் இருக்கும். எங்கள் தெரிவு அந்த வரியில்தான் தங்கியிருந்தது.

மடங்கைக் கணக்குப் பார்த்தல்

மாதிரிக்கு முன்னுள்ள முனைவாக்கிக்கும் பின்னுள்ள பகுப்பிக்கும் இடையே 45 பாகை வைத்து அளந்தால், ஒளியை மின்னாக்கும் ஒளி இருவாயியில் தெரியும் மாற்றம், சுழற்சியையும் மாதிரி கடத்தும் ஒளியையும் பெருக்கி வருவது. இரைச்சலோ ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் வேறுபடும். நல்ல லேசரும் சமப்படுத்திய இரட்டை உணரியும் உள்ள இடத்தில், ஒளியின் துணிக்கைத் தன்மையால் வரும் இரைச்சல் மட்டுமே மிஞ்சும். கடத்தப்படும் ஒளி குறைந்தால் அதன் வர்க்கமூலத்தோடு அந்த இரைச்சலும் குறையும். ஆகவே அங்கே நயம் என்பது, சுழற்சி பெருகிய மடங்கைக் கடத்தும் பின்னத்தின் வர்க்கமூலத்தால் பெருக்கி வருவது. நாங்களே ஒட்டிச் செய்த உணரியில் இலத்திரனியல் இரைச்சல் ஒளி குறைந்தாலும் குறையாது. ஆகவே எங்களுக்கு நயம், மடங்கைக் கடத்தும் பின்னத்தால் நேராகப் பெருக்கி வருவது.

இரண்டு மாதிரிகளை எடுப்போம். ஒப்பிடும் வெறும் படலம் ஏறக்குறைய முழு ஒளியையும் கடத்துவதாக வைத்துக்கொள்வோம். ஒரு மாதிரி சுழற்சியை 20 மடங்காக்கி 1 சதவீத ஒளியைக் கடத்துகிறது. வசதியான ஆய்வுகூடத்தில் 20 ஐ 0.1 ஆல் பெருக்கினால் 2. இலாபம். எங்கள் மேசையில் 20 ஐ 0.01 ஆல் பெருக்கினால் 0.2. தங்கம் போடாமல் விட்டிருந்தால் ஐந்து மடங்கு நன்றாக அளந்திருக்கலாம்! ஒரே மாதிரி அங்கே இலாபம், இங்கே நட்டம். வெளிநாட்டில் வென்ற வழி இங்கேயும் வெல்லும் என்று எடுத்துக்கொள்ள முடியாது என்பதை இந்த இரண்டு பெருக்கலும் காட்டிவிடும்.

மஞ்சள் மை பூசிய 8.9 மடங்கு இந்தச் சோதனையில் தேறும். அது 2013 இல் ஸ்ருட்காட் பல்கலைக்கழகத்தாரும் சகாக்களும் வெளியிட்ட வேலை. பிசுமத்து இரும்புக் கார்னெட் என்ற காந்தப் பளிங்கின் படலத்தின் மேல் தங்க நனோக்கம்பிகளை வரிசையாக வைத்தார்கள். மொத்தத் தடிப்பு 300 நனோமீற்றருக்குள். சுழற்சி 0.8 பாகை. கடத்தல் 36 சதவீதம். எங்கள் கணக்கில் போட்டாலும் 3.2 வருகிறது. உண்மையான வெற்றி.

ஆயிரம் மடங்கு வேறு கதை. 2011 இல் பெலொத்தெலோவும் சகாக்களும் தங்கக் கீற்றணியைப் பிசுமத்துக் கார்னெட்டின் மேல் அமைத்து அளந்தது கெர் விளைவின் குறுக்கு வகை. காந்தத்தைத் திருப்பும்போது ஒளியின் முனைவு மாறாமல் செறிவு மாறும். அந்த மாற்றம் 1.5 சதவீதம் வரை வந்தது. அருமையான அளவு அது. ஆனால் வெறும் படலத்தில் இந்த விளைவு அநேகமாக இல்லை என்றே சொல்லலாம். மிகச் சிறிய எண்ணால் வகுத்தால் ஆயிரம் வரும். எடுத்துக்கொள்ள வேண்டிய எண் 1.5 சதவீதம். மாணவி அந்த இடத்தில் மஞ்சள் மைக்கு மேல் பேனையால் ஒரு கோடு இழுத்துவிட்டார். அதற்குப் பிறகு பேச்சு நேராகப் போனது.

கார்னெட்டும் தங்கக் கீற்றும்

பௌதிகத்தை மட்டும் பார்த்தால் முதலிடம் இதற்குத்தான். இட்ரியம் இரும்புக் கார்னெட்டை 1956 இல் கிரெனோபிளில் பெற்றோவும் பொராவும் கண்டறிந்தார்கள். நவரத்தினத்தில் ஒன்றான கோமேதகம் கார்னெட் குடும்பத்தைச் சேர்ந்தது. பளிங்கமைப்பு அதேதான். சிலிக்கனுக்கும் கல்சியத்துக்கும் பதிலாக இரும்பும் இட்ரியமும் அமர்ந்திருக்கின்றன. செந்நிறக்கீழ் ஒளிக்கு அது தெளிவானது. இட்ரியத்தின் இடத்தில் பிசுமத்தைச் சேர்த்தால் சுழற்சி பலமாகக் கூடுகிறது. காந்தமாகும் பொருள், ஒளியையும் விழுங்காது. இந்த இரண்டு குணமும் ஒன்றாக வாய்ப்பது அபூர்வம்.

எங்களுக்குத் தடை இரண்டு. முழுக்கப் பிசுமத்தால் ஆன கார்னெட் சாதாரண உலையில் உருகி உறையும் பொருளல்ல. லேசர்த் துடிப்பால் ஆவியாக்கிப் படிய வைப்பது போன்ற முறைகளால் மெல்லிய படலமாக மட்டுமே வளரும். அடுத்தது கீற்று. சில நூறு நனோமீற்றர் இடைவெளியில் தங்கக் கோடு வரைய இலத்திரன் கற்றை வரைவு வேண்டும். தூசற்ற அறை வேண்டும். 2008 இல் தொடங்கிய இலங்கை நனோத் தொழில்நுட்ப நிறுவனம் ஹோமாகமையில் இயங்குகிறது. வெளிநாட்டுக் கூட்டாளி ஒருவரைத் தேடலாம். ஆனால் ஒவ்வொரு மாதிரிக்கும் நானூறு கிலோமீற்றருக்கு அப்பாலுள்ளவரின் நேரத்துக்குக் காத்திருக்கும் ஆய்வு, மாணவியின் கையைவிட்டுப் போய்விடும். மாதிரி ஏன் பிழைத்தது என்று அவருக்குத் தெரியவே போவதில்லை. பிழைத்த மாதிரியை மறுநாளே திருப்பிச் செய்வதில்தான் பிள்ளைகள் ஆய்வு பழகுகிறார்கள்.

ஆகவே இது இப்போதைக்கு வேண்டாம். இதற்கு ஒரு தங்கை முறை உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

தங்கம், கோபாற்று, தங்கம்

மாணவி மிகவும் விரும்பியது இதைத்தான். காரணமும் நல்ல காரணம். கண்ணாடி அரியத்தின் அடியில் 50 நனோமீற்றர் அளவு தங்கம் பூசி, உள்ளிருந்து ஒளியைச் சரிவாக விட்டால், குறித்த ஒரு கோணத்தில் தெறிப்பு திடீரென்று விழும். 1968 இல் கிரெட்ச்மான் காட்டிய ஒழுங்கு இது. படலத்தின் மறுபக்கம் தண்ணீர் இருந்தால், அதன் முறிவுச்சுட்டி, அதாவது ஒளியை அது வளைக்கும் அளவு, சிறிது மாறினாலும் கோணம் நகரும். தங்கத்துக்கு நடுவே காந்த உலோகமான கோபாற்றைச் சில நனோமீற்றர் செருகிவிட்டால், சிறு காந்தப்புலத்தால் அந்தப் பரிவையே முன்னும் பின்னும் அசைக்கலாம். அசைவதை மட்டும் அளப்பதால் இரைச்சல் அடங்குகிறது. சாதாரண பிளாஸ்மன் உணரியை விடக் கூர்மையான உயிரிமூலக்கூற்று உணரி இப்படிக் கிடைத்தது என்று 2006 இல் ஸ்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

"சேர், எங்கடை கிணத்துத் தண்ணியிலை நைத்திரேற்று இருக்கு. இதாலை அளக்கலாமே?"

அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. யாழ்ப்பாணத்தில் தண்ணீர் ஆய்வு என்றால் அது வீட்டுக் கதை. சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் நிலத்தடி நீர்தான் குடிக்கவும் தோட்டத்துக்கும். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போட்ட உரம் அதற்குள் இறங்குவதைப் பல பத்தாண்டுகளாக அளந்து வருகிறார்கள். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது. இந்த உணரிக்கு முறிவுச்சுட்டி தெரியும். நைத்திரேற்று என்று பெயர் தெரியாது. உப்புக் கூடினாலும் கல்சியம் கூடினாலும் அதே பக்கம்தான் நகரும். நைத்திரேற்றை மட்டும் பிடித்து வைக்கும் மேற்படை ஒன்றைத் தங்கத்தின் மேல் ஒட்ட வேண்டும். அது தனியாக ஓர் இரசாயன ஆய்வு.

வெப்பநிலை இன்னொரு தொல்லை. தண்ணீரின் முறிவுச்சுட்டி ஒரு பாகை செல்சியசுக்கு ஏறக்குறைய 0.0001 மாறும். நல்ல உணரி அதிற் பத்தில் ஒரு பங்கையும் அதைவிடக் குறைவையும் காணவேண்டும். சித்திரை மாதத்தில் யன்னல் திறந்த அறையில், காலை எட்டு மணிக்கும் பதினொரு மணிக்கும் இடையில் பல பாகை ஏறுகிறது. காந்தத்தால் அசைத்து அளந்தாலும் இந்த நகர்வு மறையாது. வெப்பநிலையைக் கட்டிப் பிடிக்கும் கலம் இல்லாமல் இந்த வழியில் இறங்கக் கூடாது.

பூச்சும் வெற்றிட அறையில் நடக்க வேண்டும். பம்பி பல மணித்தியாலம் இடைவிடாமல் ஓட வேண்டும். 2022 பங்குனிக் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்குப் 13 மணித்தியாலம் மின்சாரம் நின்றது. இப்போது நிலைமை எவ்வளவோ தேறிவிட்டது. இருந்தாலும் அந்த மாதங்களைக் கண்டவர்கள், இடைவிடாத மின்சாரத்தில் தங்கியிருக்கும் வேலையைத் தெரிவுசெய்யுமுன் ஒருமுறை நின்று யோசிப்பார்கள். பூசிய கண்ணாடிகளை வேறிடத்தில் செய்வித்து எடுக்க முடிந்தால், இரண்டாம் மாணவர் ஒருவர் இதைத் தொடங்கலாம். நான் இதை ஒதுக்கவில்லை, தள்ளி வைத்தேன்.

நிக்கல் வட்டுகளைப் பற்றி அதிகம் பேசவில்லை. தங்கமே இல்லாமல், நிக்கலையே நூறு நனோமீற்றர் அளவு வட்டுகளாக்கினால் அதுவே பரிவடையும், அதுவே காந்தமுமாகும். எண்ணம் அழகானது. ஆனால் நிக்கலின் பரிவு அகன்றது, விழுங்குவதும் கூட. செய்வதற்கு வெற்றிடப் பூச்சோடு துளையிட்ட மறைப்பும் வேண்டும். மேலே சொன்ன தடைகள் எல்லாம் இதற்கும் பொருந்தும்.

குடுவைக்குள் செய்யும் வழி

நான்காவது கட்டுரை எல்லாவற்றிலும் குறைந்த மஞ்சள் பூசியது. 2009 இல் ஹாவாட் ஆய்வாளர்கள் இரும்பு ஒட்சைட்டு நனோத்துகள்களுக்குத் தங்கக் கோது போட்டு, கரைசலாகவே வைத்து, தங்கத்தின் பரிவுக்கு அருகே பரடே சுழற்சி கூடுவதைக் காட்டினார்கள். படலம் இல்லை, கீற்று இல்லை. ஒரு சென்ரிமீற்றர் கலத்துக்குள் ஒரு திரவம்.

நான் தெரிவுசெய்தது இதைத்தான். மலிவு என்பது இரண்டாவது காரணம். முதற் காரணம், திரவத்தை ஐதாக்கலாம் என்பது.

படலத்தில் கிடைக்கும் ஒளி கிடைத்ததுதான், மாற்ற முடியாது. திரவத்திலோ செறிவைக் கூட்டினால் சுழற்சி நேர்விகிதத்தில் கூடும், ஒளி அடுக்குக்குறியாகக் குறையும். எங்காவது நடுவில் ஓர் உச்சம் இருக்க வேண்டும். கணக்குப் போட்டால், எங்கள் உணரிக்கு அந்த உச்சம் 37 சதவீத ஒளி கடக்கும் இடத்தில் வருகிறது. நிறமாலைமானியில் உறிஞ்சல் 0.43 என்று காட்டும் இடம். வசதியான ஆய்வுகூடத்துக்கு உச்சம் 13.5 சதவீதத்தில். தங்கம் போட்ட திரவத்தையும் போடாத திரவத்தையும் தனித்தனியே தத்தம் உச்சத்துக்கு ஐதாக்கி ஒப்பிட்டால், அந்த ஒப்பீட்டை யாரும் மறுக்க முடியாது. "எத்தனை மடங்கு" என்பதற்கு ஒரே அர்த்தம்தான் மிஞ்சும். மற்ற மூன்று வழிகளிலும் இவ்வளவு நேர்மையான ஒப்பீட்டை இவ்வளவு குறைந்த செலவில் செய்ய முடியாது.

செய்முறை பழையது. பெரிக்கு, பெரசு உப்புகளை இரண்டுக்கு ஒன்று என்ற மூல் விகிதத்தில் கலந்து அமோனியா விட்டால், காந்தத் தன்மையுள்ள இரும்பு ஒட்சைட்டான கரிய மக்னற்றைட்டு இறங்கும். தங்கத் துகள்கள் மிதக்கும் கூழுக்கு 1951 இல் டர்க்கெவிச் சீராக்கிய சிற்றேற்று முறை. கொதிக்கும் தங்க உப்புக் கரைசலில் சிற்றேற்று விட்டால், மங்கி, கறுத்து, ஊதாவாகி, கடைசியில் வைன் சிவப்பாக வந்து நிற்கும். இந்த நிறமாற்றத்தை முதன்முதல் காணும் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்காகவே நான் அந்த நாளில் ஆய்வுகூடத்தில் நிற்பேன்.

தங்க உப்பை இறக்குமதி செய்து காத்திருக்கத் தேவையில்லை. கஸ்தூரியார் வீதியில் 24 கரட் தங்கம் ஒரு கிராம் வாங்கலாம். நைத்திரிக் அமிலமும் ஐதரோகுளோரிக் அமிலமும் கலந்த இராசத் திராவகத்தில் கரைத்தால் அதே உப்பு கிடைக்கும். 22 கரட் நகைத்துண்டு வேண்டாம். அதிலுள்ள செம்பு கரைசலோடு வந்துவிடும், வெள்ளி வீழ்படிவாகும். நூறு மில்லிலீற்றர் கூழுக்குத் தங்கம் 5 மில்லிகிராமும் பிடிக்காது. ஒரு கிராமில் இருபது லீற்றர் கூழ் வரும். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுவேன். இராசத் திராவகம் நச்சுப்புகை கக்கும். புகையுறிஞ்சும் அறைக்கு வெளியே அதைத் தொடக் கூடாது, மூடிய போத்தலில் அடைத்து வைக்கவும் கூடாது. பரம்பரையாகத் தங்கத்தோடு பழகிய பத்தர்மாரும் அதற்குப் பயந்துதான் நடப்பார்கள்.

தண்ணீர் விடயத்தில் எனக்கொரு பழைய அடி உண்டு. ஆரம்ப நாட்களில் நான் செய்த கூழ், ஆறிய சில நிமிடங்களில் நீலமாகிக் கறுத்து அடியில் படிந்தது. மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் அதேதான். கடைசியில் பிடிபட்டது: குடுவைகளைக் கழுவியது கிணற்றுத் தண்ணீர். சிற்றேற்றுப் போர்த்திய தங்கத் துகள்கள் ஒரே மின்னேற்றத்தால் ஒன்றையொன்று தள்ளி நிற்கின்றன. எங்கள் சுண்ணக்கல் நிலத்தின் கல்சியம் அந்தத் தள்ளலை அடக்கிவிடும். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படியும் அதே கல்சியம்தான். கழுவி முடித்த பின் காய்ச்சி வடித்த நீரில் இரண்டு முறை அலசுவது இங்கே விதி.

கடினம் எங்கேயென்றால் கோதில். மக்னற்றைட்டின் மேல் தங்கம் சீராகப் படிய விரும்பாது. பொட்டுப் பொட்டாக ஒட்டும், அல்லது தனியே தங்கத் துகளாகப் பிரிந்து மிதக்கும். இலத்திரன் நுணுக்குக்காட்டிப் படம் எடுக்க வேறிடம் போகத்தான் வேண்டும். ஆனால் அதற்கு முன்னமே இங்கே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. காந்தத்தால் இழுத்துப் பிரித்த துகள்களில் ஐதரோகுளோரிக் அமிலம் விட வேண்டும். வெறும் மக்னற்றைட்டு கரையும். கோது முழுமையாக மூடியிருந்தால் உள்ளே உள்ளது தப்பும். கரைந்து வந்த இரும்பை முழுவதும் பெரசு நிலைக்கு மாற்றி, பினந்திரோலின் போட்டுச் செம்மஞ்சள் நிறமாக்கி அளந்தால், எத்தனை பங்கு மூடாமல் இருந்தது என்று எண்ணாகவே வரும். மிஞ்சியதை இராசத் திராவகத்தில் கரைத்து மொத்த இரும்பையும் அறியலாம். அந்த மொத்தம் மிக அவசியம். இரும்பு ஒரே அளவில் இல்லாத இரண்டு திரவங்களின் சுழற்சியை ஒப்பிட்டு மடங்கு சொல்லக் கூடாது.

அளக்கும் கருவியைப் பற்றி மாணவி பயந்துகொண்டிருந்தார். பயப்பட ஒன்றுமில்லை. தண்ணீர்ப் பம்பி மோட்டர் சுற்றும் கடையில் எனாமல் பூசிய செப்புக் கம்பி கிடைக்கும். ஐந்து சென்ரிமீற்றர் நீளத்தில் 400 சுற்றுச் சுற்றி ஒரு அம்பியர் விட்டால் 10 மில்லித்தெசுலா அளவில் வரும். ஓட்டுவதற்குப் பாட்டுப் போடும் அம்ப்பும் தொடரில் ஒரு தடையும் காணும். அதிர்வெண் 50 ஹேட்சும் வேண்டாம், அதன் மடங்குகளும் வேண்டாம். வீட்டு மின்சாரம் எல்லாம் அங்கேதான் இரைகிறது. 137 ஹேட்ஸ் போன்ற ஓர் எண்ணை எடுத்தோம். அந்த ஒரு அதிர்வெண்ணை மட்டும் பிரித்தெடுக்கும் லொக்-இன் விரியலாக்கி இல்லாவிட்டால், கணினியின் ஒலி அட்டையில் இரண்டு வாயிலிலும் சைகைகளை எடுத்து மென்பொருளிலேயே பெருக்கிச் சராசரி எடுக்கலாம்.

பச்சை லேசர் 532 நனோமீற்றர். கூழாக இருக்கும் தங்கத்தின் பரிவு 520 ஐ ஒட்டியது. சந்தையில் எல்லாரிடமும் இருக்கும் நிறம் எங்கள் பரிவுக்கு இவ்வளவு அண்மையில் விழுவது பெரிய வாய்ப்பு. ஆனால் மலிவான பச்சை லேசர் உள்ளே செந்நிறக்கீழ் ஒளியிலிருந்துதான் பச்சையைப் பிறப்பிக்கிறது. அந்த ஒளியும் கசியும். கண்ணுக்குத் தெரியாது, சிலிக்கன் இருவாயிக்குத் தெரியும். வடிகட்டி போடாமல் எடுத்த எண் எதையும் நான் ஏற்கமாட்டேன். பரிவுக்கு வெளியே ஒப்பிட 650 நனோமீற்றர்ச் சிவப்பு லேசர். அதிலும் ஓர் எச்சரிக்கை. மக்னற்றைட்டின் சொந்தச் சுழற்சியே அலைநீளத்தோடு மாறும். ஆகவே பச்சையில் கண்டதைச் சிவப்பில் கண்டதால் வகுத்து மடங்கு சொல்லக் கூடாது. ஒரே நிறத்தில், தங்கம் உள்ளதையும் இல்லாததையும் மட்டும் வகுக்கலாம்.

திரவத்துக்கு மட்டும் உரிய இன்னொரு சிக்கல் உண்டு. புலத்தில் மக்னற்றைட்டுத் துகள்கள் சங்கிலியாகக் கோத்து நிற்கப் பார்க்கும். அந்தச் சங்கிலிகள் ஒளியின் முனைவை வேறு வகையில் குழப்பும். அந்தக் குழப்பத்துக்குப் புலத்தின் திசை பொருட்டல்ல, அளவு மட்டுமே. பரடே சுழற்சியோ புலம் திரும்பினால் தானும் திரும்பும். ஆடல் புலத்தில் முதலாவது 274 ஹேட்சிலும் இரண்டாவது 137 இலும் வந்து நிற்கும். ஒரு கத்தி போட்டுப் பிரித்ததுபோல் இரண்டும் விலகிவிடும். புவியின் காந்தப்புலம் இங்கே ஏறக்குறைய 40 மைக்கிரோதெசுலா. காந்த மத்தியகோடு எங்களுக்குக் கிட்டப் போவதால் அது அநேகமாகக் கிடையாகவே இருக்கும். 1963 இல் இந்தியா கேரளத்துத் தும்பாவை ரொக்கட் ஏவத் தெரிவுசெய்ததும் அந்தக் கோட்டுக்காகத்தான். எங்கள் 10 மில்லித்தெசுலாவுக்கு முன் அது அரைச் சதவீதமும் இல்லை, பொருட்படுத்தத் தேவையில்லை. சுருளைக் கிழக்கு மேற்காக வைத்துவிட்டால் அந்தச் சிறு தொல்லையும் இல்லை.

மூன்றாம் நாள் பின்னேரம் மாணவி கேட்ட கேள்வி சரியான இடத்தில் குத்தியது.

"தங்கம் போட்டது தோத்துப் போனா என்ன செய்யிறது, சேர்?"

அது நடக்கக்கூடியதுதான். தங்கக் கோது சுழற்சியைக் கூட்டலாம், அதைவிடக் கூடுதலாக ஒளியை விழுங்கலாம். இரண்டையும் தத்தம் உச்சச் செறிவில் வைத்துப் பார்த்தால் வெறும் மக்னற்றைட்டே முந்தலாம். அப்படி வந்தால் அப்படியே எழுத வேண்டும். எந்தக் கோதுத் தடிப்பில் தோற்கிறது, பரிவிலிருந்து எவ்வளவு விலகினால் வெல்லத் தொடங்குகிறது என்று எழுதினால், உலகத்தில் எந்தப் பெரிய ஆய்வுகூடமும் அதை வாசிக்கும். கார்னெட் கீற்றிலோ கோபாற்றுப் படலத்திலோ ஒரு மாதிரி தோற்றால், பூச்சுப் பிழையா பௌதிகமா என்று எங்களால் பிரித்துச் சொல்ல முடியாது. குடுவையில் முடியும். வெறும் மக்னற்றைட்டு, வெறும் தங்கம், இரண்டும் கோதில்லாமல் கலந்தது, கோது போட்டது என்று நான்கு கலங்கள் அருகருகே நிற்கும். வெறும் தங்கமும் பரிவில் காந்தத்துக்குச் சிறிது அசையும், ஆகவே அந்தக் கலத்தை விடக் கூடாது. கலந்ததும் கோது போட்டதும் ஒரே எண்ணைத் தந்தால், தங்கமும் மக்னற்றைட்டும் தொட்டுக்கொண்டிருப்பதால் வந்த நன்மை ஒன்றுமில்லை என்று தெரியும்.

இரண்டாம் ஆண்டுக்கு, முன்னர் சொன்ன தங்கை முறை. பிசுமத்துச் சேர்த்த இட்ரியம் கார்னெட்டைச் சேதன உலோகக் கரைசலாகச் சுழற்றிப் பூசி, 700 பாகை அளவில் சாதாரண உலையில் சுட்டுப் படலமாக்கலாம். முழுப் பிசுமத்து வகையின் சுழற்சி கிடைக்காது, ஆனால் கைக்கு எட்டும். அதன்மேல் ஐந்து நனோமீற்றர் அளவில் தங்கம் பூசிச் சூடாக்கினால், தங்கம் தானாகவே சுருங்கித் தீவு தீவாகப் பிரியும். வரைவுக் கருவி தேவையில்லை. தங்கத் துகளைக் கார்னெட்டோடு சேர்த்துக் கெர் விளைவைக் கூட்டிய வேலையை யப்பானிய ஆய்வாளர்கள் 2006 இலேயே வெளியிட்டுவிட்டார்கள். கார்னெட்டின் முறிவுச்சுட்டி தண்ணீரைவிட மிகக் கூடியதால் தங்கத்தின் பரிவு சிவப்புப் பக்கம் நகரும். கார்னெட் பச்சையை விழுங்குவதால் அந்த நகர்வு எங்களுக்கு நல்லதே. வெற்றிடப் பூச்சு ஒரே ஒரு தடவை, மிக மெல்லியதாக வேண்டும். அதை மட்டும் வெளியில் செய்விக்கலாம், யாழ்தேவி ரயிலில் ஒரு நாள் பயணம்.

மார்கழி மழை விட்டதும் தொடங்குவதாக முடிவாகியிருக்கிறது. ஈரப்பதம் குறைந்தால் ஒளியியற் கண்ணாடிகளில் பூஞ்சணத் தொல்லையும் குறையும். கம்பி வாங்கியாயிற்று. முதற் கிழமைக்குத் தங்கமும் இல்லை, மக்னற்றைட்டும் இல்லை. காய்ச்சி வடித்த தண்ணீர் ஒரு கலம், வெறுங்கலம் ஒன்று. கலத்தின் கண்ணாடிச் சுவரும் சுழற்றுவதால் அதைக் கழிக்க வேண்டும். பகுப்பியை மறுபக்கம் 45 பாகைக்குத் திருப்பினால் சைகை குறி மாற வேண்டும். ஒளியைக் கையால் மறைத்தால் பூச்சியமாக வேண்டும். மறைத்தும் ஏதாவது தெரிந்தால் சுருளின் புலம் கம்பிகளுக்குள் நேரே புகுகிறது என்று அர்த்தம். பச்சை லேசரில் தண்ணீரின் மாறிலி 3.8 ஐவிடச் சற்றுக் கூடுதலாக வர வேண்டும். அந்த எண் மூன்று நாள் தொடர்ந்து ஒரே மாதிரி வந்த பிறகுதான் கஸ்தூரியார் வீதிக்குப் போவது என்று மாணவி தன் குறிப்புக் கொப்பியின் முதற் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்.